கால்சியம் போட்டால் கேஹெச் இறங்குகிறது, கேஹெச் போட்டால் தண்ணீர் பாலாகிறது: எங்கே தப்பு?

சிப்பி_விரல்:

வணக்கம். சிங்கப்பூரில் அடுக்குமாடி வீடு. பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி 120 × 50 × 50 செ.மீ., உள்ளே தண்ணீர் உயரம் 43. கீழே சம்ப் (தண்ணீர் சுற்றிவரும் துணைத் தொட்டி) 60 × 40, தண்ணீர் 22 செ.மீ. பத்து மாதமாக ஓடுகிறது. பவளங்கள்: டார்ச் இரண்டு, ஹேமர் ஒன்று, மான்டிபோரா இரண்டு, ஆக்ரோபோரா சின்னத் துண்டுகள் மூன்று. சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) 26 டிகிரியில். ஆர்ஓ தண்ணீர், டிடிஎஸ் 0.

இன்றைய அளவுகள்:
உப்பு 1.023 (ஒப்படர்த்தி, முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரில்)
கேஹெச் (கார்பனேட் காரத்தன்மை) 6.4
கால்சியம் 370 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்)
மெக்னீசியம் 1120
நைட்ரேட் 5
பிஎச் விடியற்காலை 7.8, இரவு விளக்கு அணையும்போது 8.05

கடையில் சொன்னபடி ஒரு வாரமாகத் தினமும் காலை 8 மணிக்கு சம்பில் ஒரு தேக்கரண்டி கால்சியம் குளோரைடு தூள், அது கரைந்த கையோடு இரண்டு தேக்கரண்டி ஆப்ப சோடா போடுகிறேன். உடனே தண்ணீர் பால் போல ஆகி, கால் மணி நேரத்தில் தெளிகிறது. ஒரு வாரம் போட்டும் கேஹெச் 6.5ஐத் தாண்டவில்லை, கால்சியம் 385 போய்த் திரும்ப 370. சம்பிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் பம்பில் வெள்ளையாகப் படிந்து தண்ணீர் வேகம் குறைந்துவிட்டது. ஒரு மூலையில் மணல் கடலைமிட்டாய் மாதிரி இறுகிக் கிடக்கிறது.

எதை முதலில் சரி செய்வது? உப்பு பிராண்டை மாற்றினால் போதுமா? தினமும் எத்தனை மில்லி ஊற்ற வேண்டும்?

பவளத்திட்டு:

கால்சியத்தையும் கேஹெச்சையும் இப்போதைக்கு விடுங்கள். உங்கள் பட்டியலின் முதல் வரியைப் பாருங்கள்.

1.023 என்றால் உப்பு ஏறக்குறைய 30.5 பிபிடி (ஆயிரத்தில் இத்தனை பங்கு). கடல்நீர் 35, அதாவது 25 டிகிரியில் 1.0264. கடல்நீரில் கால்சியம் 410 முதல் 420, மெக்னீசியம் 1290 அளவில், கேஹெச் 7. அதே கடல்நீரில் நல்ல தண்ணீர் ஊற்றி 30.5க்கு இறக்கினால் கால்சியம் 360, மெக்னீசியம் 1125, கேஹெச் 6.1. உங்களுடையது 370, 1120, 6.4. மூன்றும் ஒரே அளவுக்கு இறங்கியிருப்பதற்குக் காரணம் உப்புதான். பிராண்டை மாற்றிப் பயனில்லை, இருக்கிற உப்பையே இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கலக்க வேண்டும்.

முள் ஆடும் ஹைட்ரோமீட்டரை நம்பி இதைச் செய்யாதீர்கள். முள்ளில் ஒரு காற்றுக்குமிழி ஒட்டினாலே கூடக் காட்டும், உப்புப் படிந்தால் குறைத்துக் காட்டும். ரிஃப்ராக்டோமீட்டர் (ஒளி வளைவதை வைத்து உப்பை அளக்கும் கருவி) ஒன்று வாங்குங்கள். அதையும் வெறும் ஆர்ஓ தண்ணீரில் பூஜ்யம் வைத்தால் போதாது, 35இல் சரி பார்க்க வேண்டும். 36.5 கிராம் சாப்பாட்டு உப்பு, 963.5 கிராம் ஆர்ஓ தண்ணீர், இரண்டையும் எடை போட்டுக் கரைத்தால் ரிஃப்ராக்டோமீட்டருக்கு அது 35. திருகைத் திருப்பிக் கோட்டை அங்கே வையுங்கள். இது கருவியைச் சரிபார்க்க மட்டும், தொட்டிக்கு அல்ல.

இனி கொள்ளளவு. 120 × 50 × 43 = 258 லிட்டர். பாறைக்கும் மணலுக்கும் 30 கழித்தால் 228. சம்ப் 60 × 40 × 22, சுமார் 52. மொத்தம் 280. இனி எல்லாக் கணக்கும் 280இல் போடுங்கள். கண்ணாடிக்காரர் சொன்ன 300, 350 எல்லாம் வெளி அளவு.

30.5இலிருந்து 35க்கு ஏற 280 × 4.5 = 1260 கிராம் உப்பு உள்ளே போக வேண்டும். ஒரே நாளில் போடக்கூடாது. தினமும் ஆவியாவது 3 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம் (அளந்து பாருங்கள்). அந்த 3 லிட்டருக்கு ஆர்ஓ தண்ணீருக்குப் பதில் 35இல் கலந்த உப்புத் தண்ணீரையே ஊற்றுங்கள். நாளுக்கு 105 கிராம் போகும், 12 நாளில் கணக்கு முடியும். பவளத்துக்குத் தெரியவே தெரியாது. நல்ல ரீஃப் உப்பு என்றால் அந்த 36 லிட்டரோடு மெக்னீசியம் 165 பிபிஎம், கால்சியம் 54, கேஹெச் 1 சேர்ந்தே வரும். மெக்னீசியத்துக்குத் தனியாகக் காசு செலவழிக்க வேண்டியதில்லை.

அடுத்தது அந்தப் பால். அது கால்சியம் கார்பனேட், அதாவது நீங்கள் காசு கொடுத்து வாங்கிய இரண்டு பொருளும் பவளத்துக்குப் போகாமல் தண்ணீரிலேயே சேர்ந்து தூளாக விழுகிறது. கடல்நீர் எப்போதுமே கால்சியம் கார்பனேட்டைத் தாங்க வேண்டியதற்கு மேல் பல மடங்கு தாங்கிக்கொண்டு நிற்கிறது. அதை விழவிடாமல் பிடித்திருப்பது மெக்னீசியம்: வளரத் தொடங்கும் படிகத்தின் முகத்தில் இது போய் உட்கார்ந்து, மேலே அடுக்கு ஏறாமல் தடுக்கும். 1120இல் அந்தப் பிடி தளர்ந்திருக்கிறது. அந்த நிலையில் ஒரே இடத்தில் கால்சியம் தூளும் சோடாத் தூளும் போட்டால் வேறென்ன ஆகும்?

இரண்டு தேக்கரண்டி ஆப்ப சோடா சுமார் 10 கிராம். அது முழுக்கக் கரைந்து நின்றிருந்தால் 280 லிட்டரில் ஒரு நாளைக்கு கேஹெச் 1.2 ஏற வேண்டும், ஒரு வாரத்துக்கு 8க்கு மேல். ஏறவில்லை. கொஞ்சத்தைப் பவளம் எடுத்திருக்கும், மீதி பம்பின் மேலும் மணலுக்குள்ளும் இருக்கிறது. பம்பில் அதிகம் படிவதற்குக் காரணம் சூடு: தண்ணீர் சூடாக ஆக, கால்சியம் கார்பனேட் கரைவது குறையும். மோட்டார் பக்கம்தான் தொட்டியிலேயே சூடான இடம்.

இந்த 12 நாளுக்கு:
கால்சியம் தூளை நிறுத்துங்கள்.
ஆப்ப சோடா மட்டும், நாளுக்கு 5 கிராம், ஒரு லிட்டர் ஆர்ஓ தண்ணீரில் முழுக்கக் கரைத்து, ரிட்டர்ன் பம்பின் வாய்க்குப் பக்கத்தில் அரைமணி நேரம் சொட்டவிடுங்கள். அது 0.6 கேஹெச். 7க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொண்டால் போதும்.
பேக்கிங் பவுடர் வேறு, ஆப்ப சோடா வேறு. பேக்கிங் பவுடரில் புளிப்புப் பொருளும் மாவும் கலந்திருக்கும். டப்பாவைத் திருப்பிப் படியுங்கள்.

கரைசல்காரன்:

பம்பு விஷயம் மட்டும் சொல்றேன் தம்பி. கழற்றி, உள்ளே சுத்தற இம்பெல்லரைத் தனியா எடுத்து, ஒரு லிட்டர் தண்ணியில 50 கிராம் எலுமிச்சை உப்பு போட்டு ஊறப் போடுங்க. நுரைச்சு வரும், நுரை நின்னா படிவு போச்சு. வெள்ளை வினிகரும் தண்ணியும் சரிபாதி கலந்தாலும் ஆகும், ஆனா நேரம் பிடிக்கும். நல்லாக் கழுவிட்டு மாட்டுங்க. சில்லர் குழாய்க்குள்ளயும் இதே படிவு இருக்கும், அதுக்குள்ளயும் இதே கரைசலை ஒரு வாளியில வச்சு சின்ன பம்பால ஓட்டலாம். தொட்டியோட இணைப்பைக் கழற்றின பிறகு, சொல்லணுமா?

இறுகின மணலை உடைக்காதீங்க. கிளறினா அடியில இருக்கிற அழுக்கெல்லாம் மேல வரும். கைக்கு வர்ற கட்டியை மட்டும் மெதுவா எடுத்துப் போட்டுடுங்க.

வெண்மணல்:

கேஹெச்சை 11க்கு ஏற்றி வையுங்கள், ஆக்ரோபோரா சரசரவென்று வளரும். 7, 8 எல்லாம் மந்தமான தொட்டிக்கு.

பவளத்திட்டு:

கேஹெச் கூடினால் வளர்ச்சி கூடும் என்பதில் உண்மை இருக்கிறது. ஆனால் 11இல் நிற்கும் தொட்டியில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் ஆக்ரோபோராவின் நுனி வெளுத்துக் கருகும். எலும்பு முன்னால் ஓடுகிறது, மேலே மூடும் சதை பின்தங்குகிறது. இவர் நைட்ரேட் 5 என்கிறார், பாஸ்பேட் எவ்வளவு என்று சொல்லவே இல்லை. அதோடு 11இல் இருக்கும் தொட்டியில் கை கொஞ்சம் தவறினாலும் பால். புதிதாக அளக்கக் கற்பவருக்கு 7.5 முதல் 8.5க்குள் ஏதாவது ஓர் எண், அதில் அசையாமல் நிற்பது. 8 என்றால் 8. இன்று 7, நாளை 9, நாளன்றைக்கு 7.5 என்று ஆடுகிற தொட்டியில்தான் அடியிலிருந்து தோல் உரியும்.

இன்னொன்று: நீங்கள் வாங்கும் உப்பு எந்த கேஹெச்சில் கலக்கிறது என்று வாளியிலேயே ஒரு தடவை அளந்துவிடுங்கள். சில உப்பு 11, 12க்குப் போகும். 8இல் இருக்கும் தொட்டியில் 11 உள்ள தண்ணீரை ஐந்தில் ஒரு பங்கு மாற்றினால் ஒரே ஊற்றில் 8.6.

சிப்பி_விரல்:

பதினாறு நாள் ஆகிறது, நிலவரம்.

ரிஃப்ராக்டோமீட்டர் 36.5 கிராம் கரைசலில் சரி பார்த்தது, தொட்டி இப்போது 35. பழைய ஹைட்ரோமீட்டர் அதே தண்ணீருக்கு 1.026 காட்டுகிறது, அது பரவாயில்லை போலிருக்கிறது. மெக்னீசியம் 1280. பால் ஆவது நின்றுவிட்டது. பம்பு சுத்தம்.

கேஹெச்சை 8.1க்கு ஏற்றிவிட்டு, எதுவும் ஊற்றாமல் தினமும் இரவு 9 மணிக்கு அளந்தேன்: 8.1, 7.5, 7.0, 6.5.

புரியாதது ஒன்று. பவளத்திட்டு அண்ணா 54 பிபிஎம் கால்சியம் வரும் என்றார். அளந்தால் 375. எங்கே போச்சு?

பவளத்திட்டு:

தின்றுவிட்டன. எலும்பு கட்டும்போது பவளம் கேஹெச் 2.8 எடுத்தால் கூடவே கால்சியம் 20 பிபிஎம் எடுக்கும், பாறையில் படரும் சுண்ணாம்புப் பாசியான கோரலைனும் அப்படியே. அதாவது 1 கேஹெச்சுக்கு 7 பிபிஎம். உங்கள் தொட்டி நாளுக்கு 0.6 கேஹெச் எடுக்கிறது, அப்படியானால் கால்சியம் 4 பிபிஎம்மும் கொஞ்சமும். 12 நாளைக்கு 50. உப்புத் தண்ணீரோடு வந்தது 54. கணக்கு தீர்ந்தது. கேஹெச்சுக்கு மட்டும் சோடா போட்டீர்கள், கால்சியத்துக்கு ஒன்றும் போடவில்லை.

இந்த விகிதத்தை மனதில் வைத்துக்கொண்டால் ஒரு வேலை மிச்சம். ஒரு நாளில் கால்சியம் 4 பிபிஎம் இறங்குவதை வீட்டுக் கிட் எதுவும் பிடிக்காது, அதன் ஒரு படியே 5 அல்லது 10. கேஹெச் 0.6 இறங்குவதைப் பிடிக்கும். அதனால் கேஹெச்சை அடிக்கடி அளந்து, கால்சியத்தையும் அதே அளவில் கூடவே ஊற்றி, வாரம் ஒருமுறை கால்சியத்தைச் சரி பார்த்தால் போதும்.

நீங்கள் எழுதிய நான்கு எண்ணில் முதல் நாள் 0.6, அடுத்து 0.5, 0.5. கேஹெச் இறங்க இறங்கப் பவளம் கட்டும் வேகமும் குறையும். நீங்கள் தொட்டியை 8இல் நிறுத்தப் போவதால் முதல் நாள் எண்ணையே எடுங்கள். சராசரி போட்டால் குறைவாக ஊற்றுவீர்கள்.

தண்ணீர் மாற்றியே சமாளிக்கலாமா என்று யாராவது கேட்கும் முன்: வாரத்துக்கு 4.2 கேஹெச் போகிறது. 8 கேஹெச் உள்ள உப்புத் தண்ணீரை வாரம் பத்தில் ஒரு பங்கு மாற்றினால் 0.4 அளவுதான் திரும்ப வரும்.

கரைசல்காரன்:

அப்போ இரண்டு பாட்டில் கரைசல்தான். வேதியியலாளர் ராண்டி ஹோம்ஸ்-ஃபார்லி 2006இல வெளியிட்ட செய்முறை, அதை லிட்டர் கணக்குக்கு மாத்தித் தர்றேன்.

கால்சியம் பாட்டில்: கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் 132 கிராம், ஆர்ஓ தண்ணி சேர்த்து மொத்தம் 1 லிட்டர். ஒரு மில்லியில 36 மில்லிகிராம் கால்சியம். தண்ணியை முதல்ல ஊத்தி அதுல தூளைப் போடுங்க, கரையும்போது சூடாகும். கண்ணாடி பாட்டில் வேண்டாம். உணவுத் தரம் வாங்குங்க, பொட்டலத்துல இ509ன்னு இருக்கும், சீஸ் செய்யறவங்க வாங்கறது. அன்ஹைட்ரஸ்னு போட்டிருந்தா 100 கிராம் போதும், அது இன்னும் அதிகமாச் சூடாகும்.

உங்க ஊர் ஈரத்துக்கு ஒரு எச்சரிக்கை: இந்தத் தூள் காத்துல இருக்கிற தண்ணியை இழுத்துக் கூழாயிடும். திறந்து வச்ச பையிலருந்து 132 கிராம் எடுத்தா அதுல பாதி தண்ணியா இருக்கலாம். வாங்கின அன்னைக்கே முழுப் பையையும் கரைசலாப் பண்ணி மூடி வச்சுடுங்க.

கேஹெச் பாட்டில்: ஆப்ப சோடா 157 கிராமை அடுப்புல காய வச்சு, அதைக் கரைச்சு 1 லிட்டர். காய வைக்கிறதுன்னா ஓவன்ல தட்டுல மெல்லிசாப் பரப்பி 150 டிகிரியில ஒரு மணி நேரம். ஓவன் இல்லைன்னா இரும்பு அல்லது ஸ்டீல் வாணலியில மிதமான தீயில கிண்டிக்கிட்டே இருங்க. வாயு வெளியேறும்போது தூள் தண்ணி மாதிரி தளதளன்னு அசையும், அது அடங்கினா ஆச்சு. அலுமினியச் சட்டி வேண்டாம். சரியா வெந்துதான்னு தராசு சொல்லும்: 100 கிராம் போட்டா 63 கிராம் மிஞ்சணும், 157 போட்டா 99. எழுபது எண்பதுல நின்னா இன்னும் வேகலை. கடையில சோடியம் கார்பனேட் உணவுத் தரத்துல கிடைச்சா நேரா 99 கிராம் போடுங்க, வாணலி வேலை மிச்சம்.

காய்ச்சாமப் போட்டா என்னன்னா, ஆப்ப சோடா ஒரு லிட்டருக்கு நூறு கிராம் அளவுலதான் கரையும், 157 அடியில நின்னுடும். காய்ச்சாமச் செய்யணும்னா 78 கிராம் போட்டு இரண்டு மடங்கு ஊத்தணும். அதோட பிஎச் விடியக்காலை 7.8ங்கிற தொட்டிக்குக் காய்ச்சினதுதான் நல்லது. அது பிஎச்சை ஏத்தும், காய்ச்சாதது ஊத்தின உடனே லேசா இறக்கும். காய்ச்சின கரைசல் தோலை அரிக்கும், கையுறை போட்டுக்கோங்க.

கணக்கு: இந்தக் கரைசல் ஒரு மில்லிக்கு 5.23 கேஹெச்-லிட்டர், அதாவது ஒரு மில்லி ஒரு லிட்டர் தண்ணியில 5.23 கேஹெச் ஏத்தும். 0.6 × 280 ÷ 5.23 = 32 மில்லி. கால்சியமும் அதே 32 மில்லி. இரண்டும் எப்பவும் சமம், அப்படித்தான் செய்முறையே போட்டிருக்கு.

இது தினசரிச் செலவுக்கு. இறங்கிக் கிடக்கிறதை ஏத்தறது தனி: கேஹெச் 6.5லருந்து 8க்கு 80 மில்லி, மூணு நாளாப் பிரிச்சு நாளுக்கு 27. கால்சியம் 375லருந்து 420க்கு 45 × 280 ÷ 36 = 350 மில்லி, அதையும் மூணு நாளா. இந்த ஒரு தடவை மட்டும் இரண்டும் சமமா இருக்காது.

ஊத்தற விதம்: டோசிங் பம்ப் (தானா அளந்து ஊத்தற பம்ப்) இருந்தா 32ஐ எட்டாப் பிரிச்சு 4 மில்லி வீதம். கேஹெச் இரவு 10லருந்து காலை 7 வரை, கால்சியம் பகல்ல. பிஎச் இறங்கற நேரத்துல கேஹெச் கரைசல் போனா அது தாங்கும். எந்த நேரம் வச்சாலும் இரண்டுக்கும் நடுவுல அரைமணி இருக்கட்டும், இரண்டு குழாயும் சம்பில வேற வேற அறையில, தண்ணி வேகமா ஓடற இடத்துல. குழாய் நுனி தண்ணிக்கு மேல ஒரு விரல் உயரத்துல தொங்கணும். முங்கி இருந்தா கேஹெச் குழாய் வாயில வெள்ளையா வளர்ந்து பத்தே நாள்ல அடைச்சுடும். பம்பு ஓடற சத்தம் கேட்கும், உள்ளே ஒரு சொட்டும் போகாது.

பம்பை மாசம் ஒரு தடவை அளவு குவளையில 100 மில்லி ஓடவிட்டுப் பாருங்க. உள்ளே உருளை அமுக்கற ரப்பர் குழாய் தளர்ந்தா 100ன்னு சொல்லி 90 தரும்.

உவர்க்கணக்கு:

ஒரு விஷயத்தைச் சேர்க்கிறேன். கால்சியம் குளோரைடும் சோடியம் கார்பனேட்டும் ஊற்றினால், பவளம் கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்த பிறகு மிஞ்சுவது சோடியமும் குளோரைடும். அதாவது சாப்பாட்டு உப்பு. மேலே சொன்ன செய்முறையில் இரண்டு பாட்டிலிலும் ஒவ்வொரு லிட்டர் தீர்ந்தால் 109 கிராம் உப்பு தொட்டியில் சேர்ந்திருக்கும். மாதத்துக்கு 960 மில்லி, 105 கிராம், 280 லிட்டரில் 0.37 பிபிடி. மூன்று மாதம் தண்ணீர் மாற்றாமல் விட்டால் 35 என்பது 36ஐத் தாண்டும், அதுவும் மற்ற உப்புகள் கூடாமல் சோடியம் குளோரைடு மட்டும் கூடி. மாதம் ஒருமுறை ரிஃப்ராக்டோமீட்டர், வழக்கமான தண்ணீர் மாற்றம். வேறொன்றும் தேவையில்லை.

மெக்னீசியம் 1250க்குக் கீழே வந்தால் மட்டும் தொடுங்கள். 280 லிட்டரில் 50 பிபிஎம் ஏற்ற மெக்னீசியம் குளோரைடு ஹெக்ஸாஹைட்ரேட் 117 கிராம். பேதி உப்பு மட்டும் வைத்து ஏற்றுவது ஒரு தடவைக்குச் சரி, பழக்கமாக்கினால் சல்பேட் குவியும்.

சிப்பி_விரல்:

மிக்க நன்றி. 32 மில்லி இன்று தொடங்குகிறேன். விடியற்காலை பிஎச் 7.8க்கு சுண்ணாம்பு நீர் நல்லது என்று பார்த்தேன். ஆவியானதற்கு ஈடாக ஊற்றும் டாப் ஆஃப் தண்ணீரில் கலந்துவிடலாமா? வீட்டில் பாட்டி வெற்றிலைக்கு வைத்திருக்கும் சுண்ணாம்பு போதுமா?

பவளத்திட்டு:

வெற்றிலைச் சுண்ணாம்பு வேண்டாம். கிளிஞ்சலைச் சுட்டதோ கல்லைச் சுட்டதோ, திறந்து வைத்ததில் பாதி ஏற்கெனவே காற்றுப் பட்டு கார்பனேட்டாக மாறியிருக்கும், வேறு என்ன கலந்திருக்கிறது என்றும் தெரியாது. உணவுத் தர கால்சியம் ஹைட்ராக்சைடு, இ526, மலிவுதான்.

சுண்ணாம்பு நீரின் நல்ல குணம், கால்சியமும் கேஹெச்சும் பவளத்துக்குத் தேவையான விகிதத்திலேயே இருப்பது, உப்பு மிஞ்சாதது, பிஎச் ஏற்றுவது. ஒரு லிட்டருக்கு ஒன்றரை கிராம் அளவில்தான் கரையும். அதற்கு மேல் போட்டது அடியில் நிற்கும். முழுத் தெளிவு நீர் ஒரு லிட்டரில் 114 கேஹெச்-லிட்டர் இருக்கிறது. 3 லிட்டரும் முழு பலத்தில் போனால் 280 லிட்டரில் நாளுக்கு 1.2 கேஹெச், உங்கள் தேவையின் இரண்டு பங்கு. அதனால் லிட்டருக்கு 0.75 கிராம் போதும். அப்படிச் செய்தால் 32 மில்லி பாட்டில்கள் வேண்டாம். இரண்டையும் சேர்த்து ஓட்டினால் ஒரே வாரத்தில் கேஹெச் 12.

பள்ளிக்கூடத்தில் தெளிந்த சுண்ணாம்பு நீரில் குழாய் விட்டு ஊதிப் பால் ஆக்கியிருப்பீர்கள். டாப் ஆஃப் வாளியிலும் அதேதான் நடக்கும்: மூடாமல் வைத்தால் காற்றில் உள்ள கரியமில வாயு பட்டு மேலே ஓர் ஆடை கட்டும், பலம் போகும். மூடி வையுங்கள், கலக்கிய பிறகு சில மணி நேரம் தெளியவிட்டு மேல் நீரை மட்டும் எடுங்கள், காற்றுக் கல் போட்டுக் கலக்காதீர்கள்.

பயப்பட வேண்டியது டாப் ஆஃப் பம்பை நிறுத்தும் மிதவை மாட்டிக்கொள்வதற்கு. முழு பலத்தில் 10 லிட்டர் ஒரே மூச்சில் இறங்கினால் கேஹெச் 4 ஏறும், பிஎச் 9ஐத் தாண்டும், தொட்டி முழுக்கப் பால். வாளியில் ஒரு நாள் அளவு மட்டும் வையுங்கள், பம்புக்கு டைமர் போடுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்று செய்து பாருங்கள். ஏசி போட்டு ஜன்னல் மூடிய அறையில் நாலு பேர் தூங்கினால் அறைக்காற்றில் கரியமில வாயு ஏறும், அது தண்ணீரில் கரையும், பிஎச் இறங்கும். ஸ்கிம்மர் (காற்றுக் குமிழியால் அழுக்கைப் பிரிக்கும் கருவி) காற்று இழுக்கும் குழாயை ஜன்னலுக்கு வெளியே நீட்டி இரண்டு நாள் அளந்துவிட்டுச் சொல்லுங்கள். ஏறினால் சுண்ணாம்பு இல்லாமலே பிழைத்துக்கொள்ளலாம்.

சிப்பி_விரல்:

குழாயை வெளியே விட்டேன், விடியற்காலை 7.95. சுண்ணாம்பைத் தள்ளிப்போடுகிறேன்.

புதிதாக ஹானா கேஹெச் செக்கர் (மின்னணு அளவி) வாங்கினேன். அதில் 7.6, பழைய சிரிஞ்ச் கிட்டில் 8.2. எதை நம்புவது?

உவர்க்கணக்கு:

இரண்டையும் நம்ப வேண்டாம், தெரிந்த ஒரு கரைசலை அளக்கக் கொடுங்கள். புதுப் பொட்டலம் பிரித்த ஆப்ப சோடா 24 கிராம், காய்ச்சாதது, ஆர்ஓ தண்ணீர் சேர்த்து 1 லிட்டர். அதிலிருந்து 10 மில்லி எடுத்து மறுபடி ஆர்ஓ தண்ணீரில் 1 லிட்டராக்குங்கள். அது 8.0 கேஹெச். 10 மில்லியை ஊசியில்லாத சிரிஞ்சில் எடுங்கள், கரண்டியில் வேண்டாம்.

செக்கரில் அளக்கும்போது குப்பியைக் கைபடாமல் துடைத்து, ஒரே பக்கம் முன்னால் வருமாறு வையுங்கள். விரல் ரேகை, ஒட்டிய குமிழி இரண்டும் எண்ணை மாற்றும். சிரிஞ்ச் கிட்டில் நிறம் முதல் தடவை மாறிய உடனே நிறுத்த வேண்டுமா, முழுக்க மாறும் வரை போக வேண்டுமா என்று தாளில் இருக்கும், அதன்படியே ஒவ்வொரு தடவையும்.

சிப்பி_விரல்:

8.0 கரைசலுக்கு செக்கர் 7.9. சிரிஞ்ச் கிட் 8.6.

உவர்க்கணக்கு:

அப்படியானால் கிட் நூற்றுக்கு ஏழு கூடக் காட்டுகிறது. அந்த நான்கு நாள் அளவையும் அதில்தானே எடுத்தீர்கள்? 8.1 என்றது உண்மையில் 7.5. செலவு 0.6 என்றது 0.56. கழித்தலில் பிழை சுருங்கிவிடும், அதனால் 32 மில்லி 30 ஆகிறது, அவ்வளவுதான். இனி செக்கரிலேயே அளந்து, அதில் 8.0 வரும்வரை நாளுக்கு 15 மில்லி கேஹெச் கரைசல் கூடுதலாக விடுங்கள், இரண்டு நாள் போதும். பிறகு 30.